இருட்டு, எண்ணிக்கை ஒன்று

ஜீப் வந்தால் ஊருக்கு ஆகாது என்பது பைரசந்திரத்துக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் ஜீப்பில்தான் வந்தார்கள். தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்க வந்தவர்களும் ஜீப்பில்தான் வந்தார்கள். அதனால் எண்பத்தேழாம் வருஷம் பிப்ரவரி மாதம் ஒருநாள் காலையில், சானமாவுக் காட்டோரச் சாலையிலிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றபோது, களத்துக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்த திம்மப்பன் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றான். இந்தத் தடவை எதை வெட்டப்போகிறார்களோ என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது.

ஜீப்பின் நெற்றியில் 'எல்லை மண்டல நவீனக் கலை வாரியம்' என்று எழுதியிருந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் வாரியத்தின் இயக்குநர். கதர் ஜிப்பா, கறுப்புக் கண்ணாடி, எதைக் காட்டினாலும் 'தெரியும் தெரியும்' என்கிற முகம். அடுத்தவர் மெட்ராஸிலிருந்து வந்த சிற்பி. தாடி வைத்திருந்தார். மூன்றாவது ஆள் குமாஸ்தா; கக்கத்தில் ஒரு பெரிய ரிஜிஸ்தர்.

களத்து மேட்டில் வட்டமான கல்மூடி ஒன்று கிடந்தது. இயக்குநர் அதைக் காலால் தட்டினார்.

"இது என்னய்யா?"

"குழிங்க சாமி. ராகிக் குழி."

"உள்ளே என்ன இருக்கு?"

"ராகிங்க."

இயக்குநர் சிற்பியைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தார். "பாத்தீங்களா, இவங்களுக்கே தெரியலை."

சிற்பி மண்டியிட்டு, கல்மூடியில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.  திம்மப்பன் ஒன்றும் புரியாமல், தானும் குனிந்து காதைக் கொடுக்கலாமா என்று யோசித்தான். கடைசியில் சிற்பி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "இருட்டு" என்றார். "இருநூறு வருஷத்து இருட்டு. யார் கையும் படாத இருட்டு."

குமாஸ்தா அதை ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டார்.

இந்த இடத்தில் குழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் சீமையில் ராகியை மூட்டை கட்டி வைப்பதில்லை, மண்ணுக்குள் வைப்பது. வாய் ஒரு ஆள் தோளைக் குறுக்கி இறங்குகிற அளவு, வயிறு ஒரு அறை அகலம், ஆழம் இரண்டு ஆள். வைக்கோல் பிரி சுற்றி, ராகியைக் கொட்டி, மூடியைப் போட்டு மண் பூசிவிட்டால் பத்து வருஷமானாலும் பூச்சி பிடிக்காது. உள்ளே பூச்சிக்குக்கூட மூச்சு கிடையாது, அதனால். பூச்சிக்கு இல்லாத மூச்சு மனுசனுக்கு எங்கே இருக்கும்?

ஆகவே குழி திறக்க ஒரு முறை உண்டு. முதல் நாள் மூடியை எடுத்து, நாள் முழுக்க வெறும் வாயாக விட வேண்டும். மறுநாள் புங்கந்தழையைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுக் காற்றைக் கடைய வேண்டும். பிறகு ஒரு சட்டியில் சிமினி விளக்கை வைத்து இறக்க வேண்டும். வெற்றிலை போட்டு வாய் சிவக்கிற வரைக்கும் விளக்கு எரிந்தால் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆள் இறங்கலாம். அணைந்துவிட்டால் சாமியே இறங்கச் சொன்னாலும் இறங்கக் கூடாது. இறங்கின பிறகும், மேலே நிற்பவன் "ஓய்" என்று கூப்பிட வேண்டும், உள்ளே இருப்பவன் "ஓய்" என்று பதில் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டுப் பதில் வரவில்லையென்றால் ஏன் என்ன என்று கேட்காமல் கயிற்றை இழுத்துவிட வேண்டும்.

பைரசந்திரத்தில் இந்த வேலை திம்மப்பனுடையது. அவன் மாமன் அவசரப்பட்டு இறங்கி ஏறாமல் போனபிறகு இவன் கைக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவன் கையில் ஒரு உயிர் போனதில்லை. படிப்பில்லை, காணியில்லை, சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்தது இது ஒன்றுதான். பிறகு தம்பி கரியப்பன். தாய் தகப்பன் போனபிறகு எட்டு வயசிலிருந்து தூக்கி வளர்த்தவன்.

கரியப்பனுக்குக் குழி என்றாலே வெட்கம். ஒசூரில் ஒரு போல்ட் கம்பெனியில் நாலு வருஷமாகக் காண்டிராக்ட் ஆள். பர்மனெண்ட் ஆகிவிட்டால் நீலச் சட்டை, கேன்டீன் டோக்கன், ஆஸ்பத்திரி கார்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தபோதே, "இந்தப் பொங்கலுக்குள்ள பர்மனெண்ட்" என்று அவளிடம் சொல்லித்தான் கூட்டி வந்தான். பொங்கல் இரண்டு போய்விட்டது.

வாரியத்துக்கும் கரியப்பனுக்கும் ஏற்கெனவே பழக்கம் உண்டு. அது ஒரு கூத்து. 'மண்ணுக்கு வந்த கலை' என்று வாரியத்துக்கு ஒரு திட்டம். படத்தையும் சிலையையும் மண்டபத்தில் வைக்காமல் ஜனங்கள் புழங்குகிற இடத்தில் வைப்பது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் மூன்று இடம் முடித்தாக வேண்டும். முதல் இடம் அந்தப் போல்ட் கம்பெனியின் சைக்கிள் ஷெட். உள்ளே சிலைகளை வைத்துவிட்டதால் சைக்கிள்களெல்லாம் வெளியே வெயிலில் நின்றன. கரியப்பன் போகிற போக்கில், கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு இரும்பில் தன் சாப்பாட்டுக் கேரியரை மாட்டிவிட்டுப் போனான். இயக்குநர் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தால் கண் கலங்கிவிட்டார். "இத்தனை நாள் இந்தப் படைப்பு எதுக்காகக் காத்துக்கிட்டிருந்ததுன்னு இப்பதான் தெரியுது" என்றார். தினமும் காலை ஏழு ஐம்பதுக்குக் கரியப்பன் கேரியரை அங்கேதான் மாட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஒருநாள் நாட்றாம்பாளையத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டான். மறுநாள் 'படைப்பில் ஏற்பட்ட குறைபாட்டுக்கு' விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். "அவங்களோட ஒத்துப்போ. பெரிய இடம். லிஸ்ட் போடும்போது நான் பாத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து கரியப்பன் வாரியத்துக்காரர்களைக் கண்டால் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தான்.

இரண்டாவது இடம் ஒரு மாட்டுக்கொட்டகை. கஞ்சிப்பசை போட்டு ஒட்டிய நாலு ஓவியத்தில் ஒன்றை ஒரு கறவை மாடு நக்கித் தின்றுவிட்டது. வாரியத்தின் அறிக்கையில், 'பார்வையாளர் படைப்பை முழுமையாக உள்வாங்கினார்' என்று எழுதினார்கள். பார்வையாளர் தொகை நாற்பத்தொன்று என்று கணக்குக் காட்டியதில் முப்பத்தெட்டு மாடு.

மூன்றாவது இடம்தான் இந்தக் குழி.

குழி நாராயணப்பனுடையது. ஊரில் நாலு ஏர் வைத்திருக்கிற ஆள். உள்ளே அவருடைய பழைய ராகி பாதிக் குழிக்குக் கிடந்தது. அழைப்பிதழில் பெயர் போடுகிறோம் என்றதும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றே வாரியத்து ஆட்கள் வந்து மூடியைச் சுற்றிச் சிமெண்ட் வைத்துப் பூசி, அரக்கு முத்திரை குத்தினார்கள்.

"எதுக்குங்க சிமெண்ட்டு?" என்று திம்மப்பன் கேட்டான்.

"இருட்டு சிந்திடக் கூடாது" என்றார் சிற்பி.

திம்மப்பன் குமாஸ்தாவைப் பார்த்தான். அந்த மனுசன் முகத்தில் சிரிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். இல்லை. குமாஸ்தா ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினார். 'இருட்டு, எண்ணிக்கை ஒன்று. நிலை: நன்று.'

மார்ச் நடுவில் பருவம் தப்பி ஒரு மழை அடித்தது. களத்தில் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்தது. நாலு நாள் கழித்துத் திம்மப்பன் போய்க் குழியருகே குந்தினான். சிமெண்ட் ஒரு இடத்தில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. மூக்கை வைத்தான். புளித்த கூழ் வாசனை குப்பென்று ஏறி, ஒரு கணம் தலை கிறுகிறுத்தது. உடனே எழுந்து வந்துவிட்டான். நனைந்த ராகி உள்ளே வேகாமல் வெந்துகொண்டிருக்கிறது. அந்த மாதிரிக் குழியைத் திறந்து மூன்று நாள் கிட்டேயே போகக்கூடாது.

ஒசூருக்குப் பஸ் ஏறிப் போய் வாரிய ஆபீசில் சொன்னான். குமாஸ்தா மூன்று பிரதியில் எழுதித் தரச் சொன்னார். எழுதத் தெரியாது என்றதும் அவரே எழுதி, ரேகை வாங்கிக்கொண்டு அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிட்ட வாசனை படைப்பின் பகுதியாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது.'

விழாவுக்கு முதல் நாள், சனிக்கிழமை காலையில், இயக்குநர் களத்தில் எல்லோரையும் நிற்க வைத்து நிகழ்ச்சியை விளக்கினார். முத்திரை உடைக்கப்படும். மூடி விலகும். மனிதன் ஒருவன் இருட்டுக்குள் இறங்குவான். அவர் உரை ஆற்றுவார். உரையின் கடைசி வார்த்தை 'எழுக'. அதைக் கேட்டதும் அவன் இரண்டு கையிலும் ராகியை ஏந்திக்கொண்டு பூமியிலிருந்து எழுவான்.

"எறங்கறது நீதானேப்பா?" என்று திம்மப்பனிடம் கேட்டார்.

"ஆவாதுங்க சாமி. இன்னிக்கே மூடிய எடுத்துப் போட்டு மூணு நாள் ஆற விடணும். அப்பறமா வெளக்கு உட்டுப் பாக்கணும்."

"இன்னைக்கே திறந்தா நாளைக்கு உள்ளே என்னய்யா இருக்கும்? எல்லாரும் பாத்துட்ட இருட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?"

"அப்ப வெளக்காச்சும் உடணுங்க."

இயக்குநர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா ஒப்பித்தார்: "விதி பதினான்கு. காட்சி நடைபெறும் இடத்தில் எரியும் பொருள், எரியக்கூடிய பொருள், எரிந்துகொண்டிருக்கும் பொருள் எதுவும் கூடாது."

"வெளக்கு வேணும்னுதானே கேக்கறே? வெளக்குத் தர்றோம்" என்றார் இயக்குநர். "பம்புசெட்டிலேருந்து வயர் இழுத்தாச்சு. அறுபது வாட் பல்பு."

திம்மப்பன் வயர் வந்த வழியே பம்புசெட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான். "சாமி, சிமினி வெளக்கு காத்துல எரியுதுங்க. காத்து கெட்டிருந்தா அணையும். அணைஞ்சா நாம எறங்க மாட்டம். பல்பு கண்ணாடிக்குள்ள எரியுது. அது எப்பிடிங்க அணையும்?"

"அதுதான்யா அதோட சிறப்பு!" இயக்குநர் அவன் தோளில் கை வைத்தார். "அணையாது. தலைமுறை தலைமுறையா அணைஞ்சு போற வெளக்கை நம்பி வாழ்ந்திருக்கீங்க. வாரியம் உங்களுக்கு அணையாத வெளக்கைக் கொண்டுவந்திருக்கு. இதைப் புரிஞ்சுக்க முடியாததுதான் இந்த மண்ணோட சோகம்."

சிற்பி தலையாட்டினார். சுற்றி நின்ற நாலு பேர் கை தட்டினார்கள். நாராயணப்பனும் தட்டினார். தட்டாமல் இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்று அவருக்கு.

"நான் எறங்கறதில்லைங்க" என்றான் திம்மப்பன்.

"நான் எறங்கறேன் சார்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கரியப்பன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சண்டை. சென்னம்மா பின்னால் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டா, புத்தி கெட்டுப் போச்சாடா உனக்கு? மாமன் செத்த குழிடா அது!"

"மாமன் செத்தப்ப கரண்டு இருந்துச்சாண்ணா? வெளக்கு வெளக்குன்னு நீ பேசறது எனக்கே சிரிப்பா இருக்குது. நாளைக்கு மேனேஜரே வர்றாரு, தலைமை விருந்தாளி. 'நீ எறங்கு கரியப்பா, திங்கக்கிழமை லிஸ்ட்ல உன் பேரு'ன்னு அவர் வாயால சொன்னாரு. இன்னும் எத்தினி வருசம் காண்டிராக்ட்டாவே சாவறது?"

"காண்டிராக்ட்டாவாச்சும் உசுரோட இருடா."

"போண்ணா. பத்து நிமிசம். கரண்டு லைட்டு எரியப்போவுது, இத்தினி பெரிய மனுசங்க சுத்தி நிக்கப்போறாங்க. அவுங்களுக்குத் தெரியாததா?"

அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை கேட்டிருப்பீர்கள். பல்பை நம்பி அண்ணனைக் கைவிட்டவன் இவன் ஒருவன்தான். சென்னம்மா பக்கம் திரும்பி, "நீயாச்சும் சொல்லும்மா" என்றான் திம்மப்பன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பர்மனெண்ட் ஆவுதுன்னா எறங்கட்டுமே மாமா" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பெரிய மனுசர்கள் கொண்டுவந்தது வெளிச்சம் என்று ஊரே நம்பியது.

சாயங்காலம் திம்மப்பன் மறுபடியும் சிற்பியிடம் போய் நின்றான். இடுப்புக் கயிறாவது கட்ட வேண்டும் என்றான். இடுப்பில் கயிறு தெரிந்தால் மனிதன் தானாக எழுந்தான் என்று யார் நம்புவார்கள் என்றார் சிற்பி. அப்படியானால் மேலிருந்து கூப்பிடவாவது விடுங்கள் என்றான். "மௌனம்தான்யா பாதி வேலையே" என்றார் அவர். குறுக்கே கட்டுகிற சிவப்பு ரிப்பனுக்கு வெளியே, முதல் வரிசையில் நின்றுகொள்ள அனுமதி கிடைத்தது. திம்மப்பன் சாணிக்கூடைக்கு அடியில் சிமினி விளக்கு, வத்திப்பெட்டி, கயிறு மூன்றையும் வைத்து மறைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. ஷாமியானா, நாற்காலி, ஒலிபெருக்கி. தலைமை விருந்தாளி மேனேஜர் வெள்ளைக் காரில் வந்தார். ஒசூரிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்தவர்கள் மூக்கில் கர்ச்சீப் வைத்துக்கொண்டு, "மண் வாசனை, மண் வாசனை" என்று பேசிக்கொண்டார்கள். கடப்பாரையால் சிமெண்டை உடைத்து மூடியைத் தள்ளினார்கள். திம்மப்பனுக்கு அந்த வாசனை பதினைந்து அடி தள்ளியே வந்தது. 

பல்பை இறக்கினார்கள். அது பளிச்சென்று எரிந்தது. கைதட்டல்.

"பார், எரியுது" என்று இயக்குநர் திம்மப்பனைப் பார்த்துச் சொன்னார். மைக்கில் சொன்னார்.

கரியப்பன் புதுப் பனியன் போட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தான். கம்பத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழிவாயில் உட்கார்ந்து, கூட்டத்தில் சென்னம்மாவைத் தேடினான். பிறகு அண்ணனைப் பார்த்து, ஒன்றுமில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டிச் சிரித்தான். தோளைக் குறுக்கி இறங்கினான். முதலில் இடுப்பு போயிற்று, அப்புறம் தலை. கயிறு இரண்டு தடவை ஆடி நின்றது.

இயக்குநர் உரையைத் தொடங்கினார்.

"நண்பர்களே! கலைக்கூடங்களில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கலையை நாம் வெளியே கொண்டுவந்திருக்கிறோம். இதோ, நம் காலடியில் ஒரு மனிதன். அவன் பெயர் நமக்கு முக்கியமல்ல. அவன் என்ன உணர்கிறான் என்பதும் முக்கியமல்ல. நாம் என்ன உணர்கிறோம் என்பதுதான் முக்கியம். மக்கள் இல்லாமல் கலை இல்லை என்று வாரியம் எப்போதும் சொல்லிவருகிறது. மக்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் வாரியம் முடிவு செய்யும்..."

திம்மப்பன் வெற்றிலையை வாயில் போட்டிருந்தான். வாய் சிவக்கிற வரைக்கும் பொறுக்கவில்லை. "ஓய்!" என்று கூப்பிட்டான்.

"உஷ்ஷ்" என்றார் குமாஸ்தா.

பதில் இல்லை. "ஓய்! டேய் கரியா! ஓய்!"

பதில் இல்லை. இரண்டு தடவை ஆகிவிட்டது. அதற்கு மேல் அவனுக்குச் சட்டம் கிடையாது. கூடையைக் கவிழ்த்து, விளக்கையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ரிப்பனை அறுத்துக்கொண்டு ஓடினான். வாரியத்து ஆட்கள் இரண்டு பேர் பிடித்தார்கள். அவன் திமிறினான், காலால் உதைத்தான், "எந்தம்பி செத்துருவான்டா, உடுங்கடா" என்று அலறினான்.

இயக்குநர் ஒரு நொடி நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். "இதுவும் படைப்புதான்" என்றார்.

கூட்டம் கை தட்டியது. வேனில் வந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்று நினைத்து, ஊர்க்காரர்களும் தட்டினார்கள். அவர்கள் நடுவில் நின்று சென்னம்மாவும் தட்டினாள்.

ஒருத்தன் கையைக் கடித்து, இன்னொருத்தனைத் தள்ளி, திம்மப்பன் குழிவாய்க்குப் போய்ச் சேர்ந்தான். விளக்கைப் பற்றவைத்து இறக்கினான். குழியின் கழுத்துக்கூடத் தாண்டவில்லை. யாரோ வாயால் ஊதின மாதிரி அணைந்தது. கீழே பல்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் கரியப்பன் ராகி மேல் ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கை நீண்டு கிடந்தது, விரலிடுக்கில் ராகி.

பக்கத்தில் குனிந்து பார்த்த சிற்பி போட்டோக்காரனிடம் மெல்லச் சொன்னார்: "அந்தக் கை. அந்தக் கையை எடு."

பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு மனசில்லை. புங்கந்தழை ஒடித்து வந்து கடைந்து, முறத்தால் வீசி, நாராயணப்பன் வீட்டு ஆள் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டி இறங்கித் தூக்கிவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வேன்கள் போய்விட்டன. சென்னம்மா புருசன் முகத்துப் பவுடரைத் துடைத்துத் துடைத்து, "எந்திரி, முடிஞ்சுபோச்சு, எந்திரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாரியம் கைவிடவில்லை. பதினாறாம் நாள் இயக்குநரே வந்து, சென்னம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். தாலி இறக்கிய கழுத்தில் ஜரிகை உறுத்த அவள் நின்றாள். மேனேஜர் வரவில்லை. ஆனால் கரியப்பன் கிடந்த போட்டோ வாரியத்தின் நிரந்தரத் தொகுப்பில் சேர்க்கப்பட்டிருப்பதாக ஒரு பத்திரம் வாசித்தார்கள். ஆக, அவன் பர்மனெண்ட் ஆனான்.

விசாரணையும் நடந்தது. வாரியத்தின் விசாரணையை வாரியமே நடத்தியது. அறிக்கையைக் குமாஸ்தா களத்தில் நின்று படித்துக் காட்டினார்.

"நிகழ்வின் தொடக்கம் முதல் இறுதி வரை வாரியத்தின் மின்விளக்கு எவ்விதத் தடங்கலுமின்றி எரிந்தமையால், குழிக்குள் போதிய காற்று இருந்தது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படுகிறது. இந்நிலையில், திம்மப்பன் என்பவர் விதி பதினான்கை மீறி உள்ளே இறக்கிய மண்ணெண்ணெய் விளக்கு அக்காற்றை உட்கொண்டதே உயிரிழப்புக்குக் காரணமாகும். மேற்படி விளக்கு வாரியத்தால் கைப்பற்றப்படுகிறது."

விளக்கைத் துணியில் சுற்றி, முத்திரை வைத்து, ஜீப்பில் ஏற்றினார்கள்.  இருபத்திரண்டு வருஷம் ஆட்களைக் காப்பாற்றிய விளக்கு, தம்பியைக் கொன்ற விளக்காகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் ஊருக்குள்ளேயே இரண்டொருவர், "அவன் வெளக்க உடாம இருந்திருந்தா ஒருவேளை..." என்று பேச ஆரம்பித்தார்கள். அச்சடித்த காகிதத்துக்கு அத்தனை மரியாதை. அதற்கப்புறம் ஊரில் யாரும் திம்மப்பனைக் குழி திறக்கக் கூப்பிடவில்லை. சொல்லப்போனால் யாரும் குழியே திறக்கவில்லை. அந்தக் குழியைத் தொங்கின பல்போடு மூடி போட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். நாராயணப்பன் ராகி வேண்டாம் என்று தலை முழுகிவிட்டார்.

மறு வருஷம், எண்பத்தெட்டு மார்ச்சில், மறுபடியும் ஜீப் வந்தது. இந்தத் தடவை இயக்குநரும் குமாஸ்தாவும் மட்டும். தணிக்கையில் ஒரு கேள்வி கிளம்பிவிட்டதாம். 'பல்பு எரிந்தது என்றால் அங்கே இருட்டு எப்படி இருந்திருக்க முடியும்? இருட்டு இருந்தது என்றால் பல்பு எரிந்ததா?' பதில் எழுதிப் பார்த்தார்கள், தணிக்கைக்காரர்கள் விடவில்லை. இருப்பில் உள்ள இருட்டு ஒன்று, பல்பு ஒன்று, ஹோல்டர் ஒன்று, இவற்றை அதிகாரி தாமே உள்ளே இறங்கி நேரில் கண்டு, மார்ச் முப்பத்தொன்றுக்குள் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு. கையெழுத்து இல்லையென்றால் அறிக்கை முழுவதும் செல்லாது. இயக்குநரின் வேலைக்கும் ஆபத்து.

குழியைத் திறக்கத் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான். ஆள் அனுப்பினார்கள். திம்மப்பன் வந்தான். மூடியைப் புரட்டினான். ஒரு வருஷத்துக் குழி வாயைத் திறந்தது. வாசனை கிளம்பி வந்து மூன்று பேரையும் தொட்டது. குமாஸ்தா இரண்டு எட்டு பின்னால் போனார்.

"பல்பைப் போடு" என்றார் இயக்குநர்.

திம்மப்பன் பம்புசெட்டுக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தான். ஒரு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த பல்பு உடனே எரிந்தது. கறுத்துப்போன ராகியும், அதில் ஒரு ஆள் கிடந்த பள்ளமும் தெரிந்தன.

இயக்குநர் ஜிப்பாவை மடித்துக்கொண்டு குழிவாயில் உட்கார்ந்தார். ஒரு காலை உள்ளே விட்டார். குமாஸ்தா ரிஜிஸ்தரைப் பிரித்துப் பேனா மூடியைக் கழற்றினார். இயக்குநர் பல்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. காலை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டார்.

"திம்மப்பா" என்றார். குமாஸ்தாவுக்குக் கேட்காத குரலில், வாய்க்குள்ளேயே கேட்டார். "உன்கிட்ட அந்த... அந்த மண்ணெண்ணெய் வெளக்கு இருக்கா?"

திம்மப்பன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வாரியம் எடுத்துக்கிட்டுப் போயிருச்சுங்களே சாமி. ஆளக் கொன்ன வெளக்குன்னு."

கல்மூடி மேல் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்தான். வாயில் போட்டுக்கொண்டான்.

"பல்பு நல்லாத்தான் எரியுதுங்க" என்றான். "எறங்குங்க. நான் மேல இருந்து கூப்பிடறேன்."